பீப் சத்தம் யாரைக் கூப்பிடுகிறது?

(இ-சேவை மையப் பணியாளர்கள், தட்டச்சர்கள், அலுவலக உதவியாளர்களுக்கான ஒரு நாள் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டாங்க. ஆனா இன்னிக்கு நான் பேசப்போற விஷயமே தூக்கத்தைக் கலைக்கிற விஷயம்தான். கம்ப்யூட்டர் போடுகிற 'பீப்' சத்தம். அதை எப்படி நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதைப் பற்றிப் பேசலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ஹார்டுவேர் இன்ஜினியர் இல்லை. இதழியல் படிச்சுட்டு, செய்தித் துறையில் எழுதுகிற வேலையில் இருக்கேன். மக்கள் சேவைகள் பற்றி எழுதுவதற்காக ஊர் ஊராக இ-சேவை மையங்களுக்குப் போவேன். ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பேன். அப்போது கேட்ட சத்தங்களைப் பற்றி, வேலை தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் கிட்ட விசாரித்தும், என் மேசைக் கம்ப்யூட்டரில் நானே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்றேன்.

பஞ்சும் பிரவுன் டேப்பும்

ஒரு மையம். எந்த ஊர் என்பது வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான். நான் போனபோது கவுன்ட்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மேசைக்குக் கீழே ஒரு யுபிஎஸ். அதன் முகப்பில் பஞ்சு வைத்து, மேலே பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. என்னன்னு கேட்டேன். "ரெண்டு வாரமா கத்திக்கிட்டே இருந்துச்சுங்க, தலைவலி தாங்கல. அதான் வாயை அடைச்சுட்டேன்" என்று சிரித்தார் அங்கே வேலை பார்க்கிற தம்பி. நானும் சிரித்தேன்.

வரிசையில் ஒரு அம்மா இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆதரவற்ற விதவைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். ரெண்டு பஸ் மாறி வந்ததையும், அன்றைக்குக் கூலி வேலைக்குப் போகாததையும் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. பெயர், முகவரி எல்லாம் தட்டியாச்சு. கணவரின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, புகைப்படம் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியாச்சு. இதற்கு நடுவில் கரண்ட் போயிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஏன்னா அந்தக் கட்டடத்தில் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடின. கம்ப்யூட்டர் மட்டும் தனி யுபிஎஸ்ஸில் இருந்தது. அதன் பேட்டரியும் ஓய்ந்துபோனது. விண்ணப்பத்தை அனுப்புகிற கடைசிப் பொத்தானை அழுத்துவதற்குள் திரை கறுத்துவிட்டது.

கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மாவுக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "நாளைக்கு வந்தா கரண்ட் இருக்குமா தம்பி?" என்று கேட்டார். அந்தத் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நல்ல வேலைக்காரர். ரெண்டு வாரம் தலைவலியோடு வேலை பார்த்தவர். யுபிஎஸ்ஸும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பேட்டரி போச்சு, பேட்டரி போச்சு என்று ரெண்டு வாரமாக அது சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்.

அதனால் 'சத்தத்தை நிறுத்தாதீங்க' என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. நாள் முழுக்கக் காதுக்குள் பீப் அடித்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எரிச்சலோடு இருக்கிறவர் கவுன்ட்டருக்கு வருகிறவரிடம் பொறுமையாகப் பேசுவது கஷ்டம். வயதானவர்கள், 'நான் எதையோ தப்பா தொட்டுட்டேன் போல' என்று பயந்து கையை எடுத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கேன். வேண்டாத சத்தத்தை நிறுத்துவதும் ஒரு சேவைதான். நிறுத்துவதற்கு முன்னால் அது எங்கேயிருந்து வருகிறது, யாரைக் கூப்பிடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சத்தம் வந்த வழி

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் படித்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீங்க. வரி முடியப் போகிறது என்றால் டைப்ரைட்டரில் 'டிங்' என்று மணி அடிக்குமில்லையா? டெலிபிரிண்டரிலும் ஒரு மணி இருந்தது. எதிர்முனையில் இருப்பவரைக் கூப்பிட அதை அடிப்பார்கள். அந்த மணிக்காகவே ஆஸ்கி குறியீட்டில் 7 என்ற எண்ணை ஒதுக்கினார்கள். இன்றைக்கும் 7 என்றால் மணிதான்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது உள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அதற்குச் சத்தம் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் இல்லை. அடித்தால் பீப்தான். சவுண்ட் கார்டு எல்லாம் பிற்பாடு வந்தவை. விண்டோஸ் 7-லிருந்து, மென்பொருள் போடுகிற பீப் அந்த உள் ஸ்பீக்கருக்குப் போகாமல் வழக்கமான ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. ஆனால் ஆன் செய்தவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்னால் வருகிற பீப் மட்டும் இப்போதும் மதர்போர்டில் செருகியிருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இடத்தைக் கண்டுபிடிங்க

சத்தம் கேட்டவுடன் மூன்று கேள்விகள். எங்கேயிருந்து வருது? எப்போ வருது? எத்தனை தடவை வருது?

'எங்கே' என்பதைக் கண்டுபிடிக்க, ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிப் பாருங்க. சத்தம் நின்றால் அது விண்டோஸ் போடுகிற சத்தம். நிற்கவில்லையா? குனிந்து சிபியு பெட்டி பக்கம் காதை வையுங்க. பிறகு யுபிஎஸ் பக்கம் வையுங்க. 'கம்ப்யூட்டர் கத்துது' என்று சொல்லிக்கொண்டு நாள்கணக்கில் கம்ப்யூட்டரையே நோண்டுவார்கள், கடைசியில் பார்த்தால் யுபிஎஸ்ஸாக இருக்கும். இதை நான் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கேன்.

விண்டோஸ் போடுகிற சத்தம்

இதுதான் தாராளமாக நிறுத்தக்கூடியது. தப்பான இடத்தில் க்ளிக் செய்தால் 'டங்', ஒரு பெட்டி திறந்தால் 'டிங்', இந்த வகை.

சுலபமான வழி இது. திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதில் ரைட் க்ளிக் செய்து 'வால்யூம் மிக்சர்' திறங்க. 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்று ஒரு கோடு இருக்கும். அதை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்குங்க. பயிற்சி வீடியோ பார்த்தால் அதன் ஒலி வழக்கம்போல் வரும். எச்சரிக்கை ஒலிகள் மட்டும் அடங்கிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக அடக்குவதைவிட, ஒன்றிரண்டை மட்டும் பொறுக்கி நிறுத்துவது நல்லது. கண்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' திறங்க. அதில் 'சவுண்ட்ஸ்' என்ற பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். 'டிஃபால்ட் பீப்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே இருக்கிற பெட்டியில் 'நன்' என்று வைத்து, 'அப்ளை' கொடுங்க. அந்த பீப் போச்சு. மற்றவை இருக்கும்.

ஏன் மற்றவை இருக்கணும்? உங்க மேசையில் கைரேகைக் கருவி, ஸ்கேனர் எல்லாம் யுஎஸ்பி ஒயரில்தான் இருக்கு. ஒயர் லூசானால் 'டிவைஸ் டிஸ்கனெக்ட்' என்ற ஒலி வரும். அது அடிக்கடி கேட்டால் ஒயரை அழுத்திச் செருகணும், இல்லைன்னா வேறு ஓட்டையில் மாற்றணும். அந்த ஒலியையும் அணைத்துவிட்டால், ரேகை பதியாததற்குப் பெரியவரின் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சில மையங்களில் பாஸ் லினக்ஸ் இருக்கும். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அங்கேயும் அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போனால் எச்சரிக்கை ஒலியைத் தனியாகக் குறைக்கலாம். டெர்மினல் பயன்படுத்துகிறவர்கள் அதன் விருப்பங்களில் 'டெர்மினல் பெல்' என்ற குறியை எடுத்துவிட்டால் போதும்.

கீபோர்டைத் தட்டினால் வருகிற பீப்

ஒருநாள் ஒரு அக்கா கீபோர்டு போச்சு என்று புதுசு வாங்க ஆள் அனுப்பிட்டாங்க. எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒரு பீப் வருது, எழுத்து விழ மாட்டேங்குது. கீபோர்டு நல்லாத்தான் இருந்தது. வலது ஷிஃப்ட் பொத்தானை 8 விநாடி தொடர்ந்து அழுத்தினால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியை விண்டோஸ் கூப்பிடும். யாரோ கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு பேசியிருக்காங்க, வந்த கேள்விக்கு 'யெஸ்' கொடுத்திருக்காங்க. அதே பொத்தானை மறுபடி 8 விநாடி அழுத்தியதும் சரியாகிவிட்டது. கீபோர்டு காசு மிச்சம்.

இதே குடும்பத்தில் இன்னும் ரெண்டு உண்டு. ஷிஃப்ட்டை ஐந்து தடவை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்'. நம் லாக் பொத்தானை 5 விநாடி அழுத்தினால் 'டாகிள் கீஸ்'. டாகிள் கீஸ் ஆன் ஆகியிருந்தால், கேப்ஸ் லாக் போடும்போது மேல் ஸ்தாயியில் ஒரு ஒலி, எடுக்கும்போது கீழ் ஸ்தாயியில் ஒரு ஒலி வரும். இவை வேண்டாம் என்றால் விண்டோஸ் பொத்தானோடு 'யு' அழுத்துங்க. வருகிற பக்கத்தில் கீபோர்டு பகுதியில் அணைத்துவிடலாம்.

ஆனா இங்கே ஒரு நிமிஷம். இந்த வசதிகள் சும்மா வைத்தவை இல்லை. நடுங்குகிற கை உள்ளவர்களுக்காக ஃபில்டர் கீஸ். பார்வையற்றவர்களுக்காக டாகிள் கீஸ். நமக்குக் கேப்ஸ் லாக் விளக்கு தெரியும், அவர்களுக்கு அந்த ஒலிதான் விளக்கு. எனக்குத் தெரிந்த பார்வையற்ற அண்ணன் ஒருவர் என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானில் வேலை செய்கிறார். ஒரு கோப்பு இறங்கும்போது அவர் கம்ப்யூட்டரில் பீப், பீப் என்று சுருதி ஏறிக்கொண்டே போகும். சுருதி உச்சத்துக்குப் போனால் வேலை முடியப் போகிறது என்று அர்த்தம். பக்கத்து மேசைக்காரர் எரிச்சலில் அதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை.

ஒரே கம்ப்யூட்டரை ரெண்டு பேர் பயன்படுத்தினால், ஆளுக்கொரு யூசர் கணக்கு வைத்துக்கொள்ளுங்க. இந்த அமைப்புகள் கணக்குக்குக் கணக்கு தனித்தனி. சத்தம் பிடிக்கவில்லை என்றால் அவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்க. அவரைக் கேட்காமல் மாற்றாதீங்க.

ஆன் செய்தவுடன் வருகிற பீப்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். இதை 'போஸ்ட்' என்பார்கள். பல கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு குட்டி பீப் வந்தால் எல்லாம் நலம். அதற்கு மேல் வந்தால் எண்ணுங்க. நீளமா, குட்டையா என்றும் கவனிங்க. திரையே எரியாத நிலையில் அதற்குப் பேச வேறு வழி இல்லை.

இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீளம், ரெண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு பிரச்சினை. டெல் மேசைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 2 பீப் என்றால் மெமரி கிடைக்கவில்லை, 5 பீப் என்றால் மதர்போர்டில் இருக்கிற பட்டன் செல் தீர்ந்துவிட்டது. இந்த 5 பீப்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? கரண்டை அணைத்துப் போட்டால் தேதியும் நேரமும் பழையதாகிவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. 'சர்வர் டவுன்' என்று சொல்லி மக்களைத் திருப்பி அனுப்புகிறோமே, அதில் சில நாள் தப்பு நம்ம கடிகாரத்திலேயே இருக்கலாம்.

இன்ஜினியருக்கு போன் போடுவதற்கு முன்னால் கீபோர்டைப் பாருங்க. அதன் மேல் ஃபைல் கட்டு இருந்து ஏதாவது பொத்தான் அழுந்திக்கொண்டிருந்தாலும் பீப் வரும். அது இல்லையென்றால் மெமரி லூசாக இருக்கலாம். வாரண்டியிலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருக்கிற பெட்டியை நீங்க திறக்காதீங்க. 'மூணு பீப் வருது, எல்லாம் குட்டை' என்று சொன்னாலே வருகிறவர் சரியான சாமானோடு வருவார். 'ஏதோ கத்துது சார்' என்றால் பார்க்க ஒரு நாள், சாமான் கொண்டுவர ஒரு நாள்.

அந்தச் சின்ன ஸ்பீக்கரை மதர்போர்டிலிருந்து பிடுங்கினாலும் சத்தம் நிற்கும். தயவுசெய்து பிடுங்காதீங்க. அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் ஊமை.

வேலை நடுவில் சிபியு பெட்டியிலிருந்து கீச்சென்று பீப் வந்தால், உள்ளே சூடு அதிகமாகிவிட்டதா என்று பாருங்க. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே விண்ணப்பக் கட்டுகளை அடுக்கியிருப்போம். ஃபேனில் தூசி மெத்தை போட்டிருக்கும். வேலையைச் சேமித்துவிட்டு அணைங்க, பிளக்கைக் கழற்றுங்க, ஆறவிடுங்க. பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்க, தூசி தட்ட ஏற்பாடு செய்யுங்க. சத்தம் தானே நிற்கும்.

யுபிஎஸ் கத்தினால்

கடைசியாக, நாம் ஆரம்பித்த இடம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும் என்றாலும் பொதுவான பாஷை இதுதான். சில விநாடிக்கு ஒரு தடவை பீப் என்றால் கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது. பீப் வேகமாக அடித்தால் பேட்டரி தீரப்போகிறது. நிற்காமல் ஒரே சத்தம் என்றால் சுமை அதிகம், இல்லைன்னா உள்ளே கோளாறு. கரண்ட் இருக்கும்போதே விட்டுவிட்டுக் கத்தினால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று சந்தேகப்படுங்க.

பல யுபிஎஸ்களில் முன்பக்கப் பொத்தானை லேசாக ஒரு தட்டு தட்டினால் சத்தம் அடங்கும். லேசாக என்பதைக் கவனிங்க. அதே பொத்தானை அழுத்திப் பிடித்தால் யுபிஎஸ்ஸே அணைந்துவிடும். உங்க மாடலில் எப்படி என்று கையேட்டில் பார்த்துக்குங்க. கூட்டமில்லாத நேரத்தில், வேலையை எல்லாம் சேமித்துவிட்டுச் சோதித்துக்குங்க.

சுமை அதிகம் என்று கத்தினால் பின்னால் என்னென்ன செருகியிருக்கு என்று பாருங்க. 600 விஏ என்று எழுதியிருக்கிற யுபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட் அளவுதான். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கி அச்சடிக்கிறபோது அதைவிட அதிகமாக இழுக்கக்கூடும். பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்க. யுபிஎஸ்ஸில் சிபியு, மானிட்டர், மோடம் மட்டும் இருக்கட்டும்.

யுபிஎஸ்ஸை மட்டும் யாரும் திறக்காதீங்க. பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது, ஷாக் அடிக்கும்.

பேட்டரியில் ஓடுகிற அந்தச் சில நிமிஷங்கள் விண்ணப்பத்தை முடித்து அனுப்புவதற்கோ, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கோ கொடுக்கப்பட்ட அவகாசம். அந்த பீப் உங்களைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தாலும், உண்மையில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்காகத்தான் அடிக்கிறது.

ஒரு சின்ன வேண்டுகோள். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வையுங்க. யுபிஎஸ் பேட்டரி மாற்றிய தேதி, சர்வீஸ் இன்ஜினியரின் எண், சத்தம் வந்தால் தேதியும் எத்தனை பீப் என்பதும். நீங்க லீவில் போனாலும் அடுத்து உட்காருகிறவருக்கு உதவும்.

நான் சொன்ன அந்த மையத்துக்கு அடுத்த மாதம் மறுபடி போனேன். பஞ்சும் டேப்பும் இல்லை. பேட்டரி புதுசு. பிரிண்டர் சுவர் பிளக்குக்கு மாறியிருந்தது. யுபிஎஸ் மேல் தேதி எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாராம், முதல் டோக்கனில் அவர் விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்ததாகத் தம்பி சொன்னார். சொல்லிவிட்டு, "ரெண்டு நாள் கூலி போச்சுங்க அவங்களுக்கு" என்றார். நாம் பேட்டரியை மாற்றிவிடலாம். அந்தக் கூலியைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் உங்க மேசைக்குக் கீழே ஒரு தடவை குனிந்து பாருங்க. அங்கேயும் எங்கேயாவது பஞ்சு இருந்தால், முதல் வேலையாக அதை எடுத்துடுங்க.